லேப்டாப் கம்பெனியோடது... சேர், கரன்ட், முதுகுவலி யாரோடது?

வீட்டையே ஆபீஸாக்கிய வெப் டெவலப்பர்களின் வரவு செலவுக் கணக்கு

ஒரு சின்ன வேலை செய்யுங்கள். நீங்கள் உட்கார்ந்து கோடு எழுதுகிற இடத்தைச் சுற்றி ஒரு நோட்டம் விடுங்கள். லேப்டாப், சார்ஜர், கழுத்தில் மாட்டும் ஐ.டி கார்டு. இந்த மூன்றும் கம்பெனி கொடுத்தவை. மற்றதெல்லாம்? மேஜை, சேர், மானிட்டர், ஹெட்செட், ரவுட்டர், இன்வெர்ட்டர், தலைக்கு மேலே சுற்றும் ஃபேன், அந்த அறைக்கு நீங்கள் கொடுக்கும் வாடகை... எல்லாமே உங்கள் பாக்கெட்டிலிருந்து போனவை.

"அதான் வீட்ல உட்கார்ந்து வேலை பார்க்கிற சுகம் கிடைக்குதே, அப்புறம் என்ன?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். திருநெல்வேலியில் சொந்த வீட்டில் இருந்தபடி சென்னைச் சம்பளம் வாங்குகிறவருக்கு, பி.ஜி வாடகையும் மெஸ் செலவும் மிச்சம். ஓ.எம்.ஆர் டிராஃபிக்கில் தினமும் இரண்டு மணி நேரம் கரைந்துகொண்டிருந்தவருக்கு அந்த நேரம் மிச்சம். இதையெல்லாம் வரவில் எழுதியே ஆக வேண்டும்.

ஆனால் செலவுப் பக்கத்தை யாரும் எழுதுவதில்லை. அதுதான் பிரச்னை. அதிலும் இன்று பெரும்பாலான ஐ.டி நிறுவனங்கள் வந்து நிற்கிற 'ஹைபிரிட்' முறையில் அந்தச் செலவு குறையாமல் இரட்டிப்பாகியிருக்கிறது. எப்படி என்று பார்ப்போம்.

ஆபீஸ் வீட்டுக்கு வந்த கதை

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது ஐ.டி ஊழியர்கள் லேப்டாப் பையோடு, சிலர் டெஸ்க்டாப் சி.பி.யூ-வையே ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்கள். அது தற்காலிகம் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அதே ஆண்டு நவம்பரில் மத்தியத் தொலைத்தொடர்புத் துறை, பி.பி.ஓ உள்ளிட்ட நிறுவனங்களுக்கான விதிகளைத் தளர்த்தி, ஊழியர்கள் வீட்டிலிருந்தே வேலை பார்க்க இருந்த கட்டுப்பாடுகளை நீக்கியது. டி.சி.எஸ் ஒரு படி மேலே போய், 2025-க்குள் 25 சதவிகித ஊழியர்கள் மட்டும் அலுவலகத்தில் இருந்தால் போதும் என்று திட்டமே அறிவித்தது.

பிறகு காற்று திரும்பியது. அதே டி.சி.எஸ் 2023 அக்டோபரில் வாரத்துக்கு ஐந்து நாள்களும் ஆபீஸ் வரச் சொன்னது. 2024-ல் அலுவலக வருகையை வேரியபிள் பே-யோடு இணைத்தது. இன்ஃபோசிஸ் 2025 மார்ச்சில் மாதம் குறைந்தது 10 நாள்கள் ஆபீஸ் வர வேண்டும் என்ற விதியைக் கொண்டுவந்தது. அமேசான் தன் அலுவலக ஊழியர்களை 2025 ஜனவரியிலிருந்து வாரம் ஐந்து நாளும் வரச் சொன்னது. சிறிய ஸ்டார்ட்அப்களும் ஏஜென்சிகளும் இரண்டுக்கும் நடுவில், வாரம் இரண்டு நாள், மூன்று நாள் என்று ஆளுக்கொரு கணக்கு வைத்திருக்கின்றன.

இந்தப் போக்குவரத்தில் ஒன்று நடந்தது. 2020-ல் வீட்டுக்கு வந்த ஆபீஸ் முழுதாகத் திரும்பிப் போகவில்லை. பாதி நம் வீட்டிலேயே தங்கிவிட்டது. தங்கிய பாதிக்கு வாடகை கட்டுவது நாம்தான்.

52,000 ரூபாய்க்கு ஓர் ஆபீஸ்

ஒரு வெப் டெவலப்பர் வீட்டில் ஒழுங்காக உட்கார்ந்து வேலை பார்க்க என்னவெல்லாம் வேண்டும்? ஆடம்பரம் எதுவும் வேண்டாம். கலர் கலராக மின்னும் கீபோர்டு, சுவரில் நியான் லைட்டு எல்லாம் இன்ஸ்டா ரீல்ஸோடு இருக்கட்டும். அடிப்படைத் தேவைகள் மட்டும், சுமாரான சந்தை விலையில்:

- முதுகுக்கு ஆதரவு தரும் சேர்: 10,000 ரூபாய்
- மேஜை: 6,000
- 24 இன்ச் மானிட்டர்: 9,000
- இன்வெர்ட்டரும் பேட்டரியும்: 22,000
- ரவுட்டருக்கான மினி யு.பி.எஸ்: 1,500
- கீபோர்டு, மவுஸ், ஹெட்செட்: 3,500

மொத்தம் 52,000 ரூபாய். இதை நான்கு வருடம் பயன்படுத்துவதாக வைத்துக்கொண்டால் மாதத்துக்கு 1,083 ரூபாய் ஆகிறது. மாதம் 700 ரூபாய் பிளானில் ஃபைபர் நெட் போட்டால் 18 சதவிகித ஜி.எஸ்.டி சேர்த்து 826 ரூபாய். இரண்டும் சேர்ந்து மாதம் 1,909.

இப்போதுதான் முக்கியமான கணக்கு. மாதம் 22 நாளும் வீட்டிலிருந்தே வேலை என்றால், ஒரு நாளுக்கு உங்கள் 'ஆபீஸ் செலவு' சுமார் 87 ரூபாய். பஸ்ஸுக்கும் பெட்ரோலுக்கும் வெளியே சாப்பிடுவதற்கும் ஆகும் செலவோடு ஒப்பிட்டால் லாபம்தான்.

வாரம் மூன்று நாள் ஆபீஸ் என்றால்? வீட்டில் வேலை பார்ப்பது மாதம் சுமார் 9 நாள். அப்போது அதே 1,909 ரூபாயை 9-ஆல் வகுக்க வேண்டும். ஒரு நாளுக்கு 212 ரூபாய்! பேட்டரி பாதி நாள்தான் வேலை செய்தது என்பதற்காக யாரும் பாதி விலைக்குத் தருவதில்லை. பிராட்பேண்டுக்கும் அப்படியே. இதற்கு மேல், ஆபீஸ் போகும் 13 நாளுக்கான பயணச் செலவு தனி. வெளியூர்க்காரர் என்றால், அந்த 13 நாளுக்காகச் சென்னையிலோ கோவையிலோ ஒரு பி.ஜி-யும் எடுத்தாக வேண்டும். ஊரில் ஒரு டேபிள், நகரத்தில் ஒரு கட்டில்.

முழுக்க ஆபீஸ் என்றால் கட்டமைப்புச் செலவு கம்பெனியுடையது. முழுக்க வீடு என்றால் செலவு உங்களுடையது, ஆனால் மிச்சமும் உங்களுடையது. ஹைபிரிட்டில் செலவு மட்டும் இரண்டு பக்கமும் உங்களுடையதாகிவிடுகிறது. 'சுதந்திரம்' என்று நமக்கு விற்கப்பட்ட முறைதான் ஊழியருக்கு இருப்பதிலேயே காஸ்ட்லியான முறை.

கரன்ட் பில்: லேப்டாப் பாவம், ஏ.சி-தான் வில்லன்

"நீ வீட்ல இருந்து வேலை பார்க்க ஆரம்பிச்சதிலிருந்து கரன்ட் பில் எகிறுது" என்று வீட்டில் சொல்கிறார்களா? கணக்கு போட்டுப் பார்த்துவிடலாம்.

லேப்டாப் அதிகபட்சம் 60 வாட்ஸ், மானிட்டர் 25 வாட்ஸ், சாதாரண சீலிங் ஃபேன் 75 வாட்ஸ். மூன்றும் 9 மணி நேரம் ஓடினால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1.4 யூனிட். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறைதான் ரீடிங். 44 வேலை நாளுக்கு 63 யூனிட். இரவு பகலாக எரியும் ரவுட்டருக்கு இன்னொரு 14 யூனிட். மொத்தம் 80 யூனிட்டுக்குள் முடிந்துவிடும்.

ஏ.சி போட்டால் கதை வேறு. ஒன்றரை டன் ஏ.சி மணிக்குக் குறைந்தது ஒரு யூனிட் என்று வைத்தாலும், தினம் 6 மணி நேரத்துக்கு இரண்டு மாதத்தில் 264 யூனிட் சேரும். நம் மாநிலக் கட்டண முறையில் யூனிட் ஏற ஏற, யூனிட்டின் விலையும் ஏறும். ஆகவே கடைசியாகச் சேரும் அந்த 264 யூனிட்தான் பில்லிலேயே விலை அதிகமான யூனிட். வீட்டு உபயோகம் குறைந்த விலை ஸ்லாபில் நின்றிருக்கும். உங்கள் ஆபீஸ் உபயோகம்தான் அதை மேல் ஸ்லாபுக்குத் தள்ளும்.

2025 செப்டம்பர் 22 முதல் ஏ.சி-க்கான ஜி.எஸ்.டி 28-லிருந்து 18 சதவிகிதமாகக் குறைந்தது உண்மை. வாங்கும் விலைதான் குறைந்தது, ஓட்டும் விலை குறையவில்லை. மே மாதத்து மதியம் மாடி அறையில் ஏ.சி இல்லாமல் வேலை பார்ப்பது முடியாத காரியம்தான். முடிந்தவரை கீழ்த்தளத்து அறை, ஜன்னலுக்கு வெளியே வெயில் மறைப்பு, 30 வாட்ஸில் ஓடும் பி.எல்.டி.சி ஃபேன் என்று போனால் ஏ.சி நேரத்தைக் குறைக்கலாம்.

ஒரே கம்பத்தில் இரண்டு கனெக்‌ஷன்

டெவலப்பருக்குக் கரன்ட் போவது பெரிய விஷயமில்லை, லேப்டாப்பில் பேட்டரி இருக்கிறது. ரவுட்டர் அணைவதுதான் பெரிய விஷயம். மெயின்டனன்ஸ் ஷட்டவுன் என்று காலை 9 மணிக்குப் போய் மதியம் 2 மணிக்கு வரும் நாள்களில், லேப்டாப் இரண்டு மூன்று மணி நேரம் தாங்கும். ஆனால் ஸ்டாண்டப் மீட்டிங்கில் உங்கள் முகம் உறைந்து நிற்கும்.

இதற்கு முதல் மருந்து, 1,500 ரூபாய் மினி யு.பி.எஸ். ரவுட்டரைச் சில மணி நேரம் உயிரோடு வைத்திருக்கும். இன்வெர்ட்டர் வாங்குவதானால் ஒரு கணக்கு: 150 ஏ.ஹெச், 12 வோல்ட் பேட்டரியின் கொள்ளளவு 1,800 வாட்-ஹவர். இழப்பு போக, பேட்டரியை முழுக்க வற்றவிடாமல் பயன்படுத்தினால் கையில் நிற்பது சுமார் 1,100. லேப்டாப், மானிட்டர், ஃபேன், ரவுட்டர், ஒரு லைட் சேர்ந்து 180 வாட்ஸ். ஆக, 6 மணி நேரம் ஓட்டலாம். அதே இன்வெர்ட்டரில் வீட்டின் மற்ற அறைகளும் ஓடினால் இதில் பாதிகூட வராது. எந்த லைனை இன்வெர்ட்டரில் கொடுப்பது என்று எலெக்ட்ரீஷியனிடம் முதலிலேயே பேசிவிடுங்கள்.

அடுத்து பேக்கப் நெட். பலர் இரண்டு பிராட்பேண்ட் வைத்திருப்பதாகப் பெருமையாகச் சொல்வார்கள். ஆனால் இரண்டு கேபிளும் தெருமுனையில் ஒரே கம்பத்தில்தான் தொங்கும். மரக்கிளை விழுந்தால் இரண்டும் சேர்ந்தே போகும். ஒன்று ஃபைபர், இன்னொன்று வேறு கம்பெனியின் மொபைல் டேட்டா என்று வழியையே மாற்றிப் போடுவதுதான் உண்மையான பேக்கப். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையைப் புரட்டியபோது, பல பகுதிகளில் கரன்ட், ஃபைபர், மொபைல் டவர் மூன்றும் சேர்ந்தே படுத்துவிட்டன. அப்படிப்பட்ட நாள்களில் 'என்னால் லாகின் செய்ய முடியாது' என்று சொல்லும் உரிமைதான் ஒரே பேக்கப். அந்த நாள் லீவில் கழிக்கப்படுமா, இல்லையா என்பது உங்கள் கம்பெனி பாலிசியில் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்திருக்கிறீர்களா?

வேகம் பற்றி ஒரு வார்த்தை. வீடியோ காலுக்கு 4 எம்.பி.பி.எஸ் இருந்தாலே ஓடிவிடும். 100, 200 என்று பிளானை ஏற்றிக்கொண்டே போவதற்கு முன், ரவுட்டரிலிருந்து மேஜைக்கு ஒரு லேன் கேபிள் இழுத்துப் பாருங்கள். 300 ரூபாயில் பாதிப் பிரச்னை தீரும்.

ரேம் விலை ஏறியது ஏன்?

ஃப்ரீலான்ஸராக இருந்தால் லேப்டாப்பும் உங்கள் செலவு. வெப் டெவலப்பரின் ஒரு சாதாரண நாளை எடுத்துக்கொள்ளுங்கள். வி.எஸ் கோடு திறந்திருக்கும். குரோமில் முப்பது டேப். பின்னால் டாக்கரில் டேட்டாபேஸ் ஓடும். டீம்ஸோ ஸ்லாக்கோ ஒரு பக்கம், ஃபிக்மா இன்னொரு பக்கம். குரோம் ஏறக்குறைய ஒவ்வொரு டேபையும் தனி புராசஸாக ஓட்டும், டாக்கர் விண்டோஸிலும் மேக்கிலும் தனக்கென ஒரு குட்டி கம்ப்யூட்டரையே உள்ளே ஓட்டும். 8 ஜி.பி ரேம் மூச்சு வாங்குவதற்குக் காரணம் இதுதான். 16 ஜி.பி இன்றைக்குக் குறைந்தபட்சம்.

சோதனையாக, 2025-ன் பிற்பகுதியில் ரேம் விலை எகிற ஆரம்பித்தது. சாம்சங், எஸ்.கே ஹைனிக்ஸ், மைக்ரான் ஆகிய மூன்று பெரிய நிறுவனங்களும் ஏ.ஐ டேட்டா சென்டர்களுக்கான மெமரி பக்கம் உற்பத்தியைத் திருப்பியதுதான் முக்கியக் காரணம். 2025 டிசம்பரில் மைக்ரான், சாதாரண வாடிக்கையாளர்களுக்கான தன் 'குரூஷியல்' பிராண்டையே மூடுவதாக அறிவித்தது. அதே ஆண்டு அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கான வழக்கமான சப்போர்ட்டை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. பழைய லேப்டாப்பை ஓட்டிக்கொண்டிருந்தவர்களைப் புதிதாக வாங்கத் தள்ளிய அதே நேரத்தில் விலையும் ஏறியது.

எனவே வாங்கும்போது கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "ரேம் போர்டோடு ஒட்டியதா, ஸ்லாட்டில் மாட்டுவதா?" ஸ்லாட் இருந்தால் பின்னால் ஏற்றிக்கொள்ளலாம். ஒட்டியது என்றால் இன்று வாங்குவதுதான் கடைசி வரை. பழைய மெஷின் வேகமாக இருந்தும் விண்டோஸ் 11 ஏறவில்லை என்றால், தூக்கிப் போடுவதற்கு முன் லினக்ஸ் போட்டுப் பாருங்கள். வெப் டெவலப்மென்ட்டுக்கு அது தாராளம்.

இன்னொன்றும் வாங்கி வையுங்கள்: 10,000 ரூபாய்க்குள் ஓர் ஆண்ட்ராய்டு போன். நீங்கள் கட்டும் வெப்சைட்டை 16 ஜி.பி மெஷினில் பார்ப்பது நீங்கள் மட்டும்தான். அதைப் பயன்படுத்தப்போகிற மக்கள் அந்த போனில்தான் பார்க்கிறார்கள்.

புதிதாக ஒரு செலவும் சேர்ந்திருக்கிறது. ஏ.ஐ உதவியாளர்கள். கிட்ஹப் கோபைலட்டின் தனிநபர் சந்தா 2022-ல் மாதம் 10 டாலர் என்று ஆரம்பித்தது. "ஏ.ஐ பயன்படுத்தி வேகமா முடிங்க" என்று சொல்கிற மேனேஜர், அந்தச் சந்தாவை யார் கட்டுவது என்று சொல்வதில்லை. சொந்தக் காசில் கட்டினால் பணம் மட்டும் போவதில்லை. கம்பெனியின் கோடை உங்கள் சொந்த அக்கவுன்ட்டில் ஒட்டினால், நாளை ஏதாவது கசிந்தால் விரல் உங்களை நோக்கித்தான் நீளும். கம்பெனி வாங்கிக் கொடுத்த டூலில் மட்டும் கம்பெனி கோடு. இதில் சமரசமே வேண்டாம்.

துணிக்கடை ஊழியருக்குக் கிடைத்த நாற்காலி

2021 செப்டம்பரில் தமிழக சட்டமன்றம் ஒரு சட்டத்திருத்தத்தை நிறைவேற்றியது. கடைகள், நிறுவனங்களில் வேலை பார்க்கும் எல்லோருக்கும் உட்கார இருக்கை வசதி கட்டாயம். துணிக்கடையில் நாள் முழுக்க நின்றே வேலை பார்க்கும் பெண்களின் கால் வலிதான் அதன் பின்னணி. கேரளாவுக்கு அடுத்து தமிழ்நாடுதான் இதைச் செய்தது. நாற்காலி என்பது முதலாளியின் பொறுப்பு என்று சட்டப் புத்தகத்தில் ஏறிய ஊர் இது.

அந்தச் சட்டம் நிறுவனத்தின் வளாகத்துக்குள்ளான இருக்கையைப் பற்றித்தான் பேசுகிறது. வீட்டில் பிளாஸ்டிக் சேரில் இரண்டு தலையணையை அடுக்கி உட்கார்ந்திருக்கும் டெவலப்பரின் முதுகு அதன் எல்லைக்குள் வரவில்லை.

அதனால் அந்த முதுகை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். பட்ஜெட்டில் ஒரே ஒரு பொருள்தான் வாங்க முடியும் என்றால், மானிட்டருக்கு முன்னால் சேர். பாதம் தரையில் முழுதாகப் பதிய வேண்டும். டைப் செய்யும்போது முழங்கை ஏறக்குறைய 90 டிகிரியில் இருக்க வேண்டும். திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்தில், அல்லது சற்றுக் கீழே, ஒரு கை நீள தூரத்தில் இருக்க வேண்டும். லேப்டாப்பை மட்டும் வைத்து இது சாத்தியமே இல்லை. திரை உயர்ந்தால் கீபோர்டும் உயரும். எனவே, லேப்டாப்புக்கு அடியில் நான்கு தடிப் புத்தகம், வெளியே ஒரு 500 ரூபாய் கீபோர்டு. மானிட்டர் வாங்க முடியாத நாள் வரை இதுவே போதும். கண்ணுக்கு, 20 நிமிடத்துக்கு ஒரு முறை 20 அடி தூரத்தில் இருக்கும் எதையாவது 20 நொடி பாருங்கள். எதிர்வீட்டு மொட்டைமாடித் துணிக்கொடி நல்ல இலக்கு.

இதையெல்லாம் விடப் பெரிய ஆபத்து நேரம். உலக சுகாதார அமைப்பும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021-ல் வெளியிட்ட ஆய்வு, வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை பார்த்ததால் 2016-ல் மட்டும் உலகம் முழுக்கச் சுமார் 7,45,000 பேர் பக்கவாதத்தாலும் இதய நோயாலும் இறந்ததாக மதிப்பிட்டது. ஆபீஸில் செக்யூரிட்டி அண்ணன் லைட்டை அணைக்கும்போதாவது கிளம்பிவிடுவோம். வீட்டில் லைட்டை அணைக்க யார் இருக்கிறார்கள்? "ஒரு சின்ன பக் மட்டும்" என்று இரவு 9 மணிக்குத் திறந்த லேப்டாப் 12 மணிக்கு மூடப்படுவது, உங்களுக்கும் தெரிந்த கதைதான்.

"வீட்லதானே இருக்கே..."

இந்த இரண்டு வார்த்தை இன்னொரு பக்கத்துச் செலவு. கேஸ் சிலிண்டர் வந்தால் நீ வாங்கு, கூரியர்காரன் வந்தால் நீ போ, குழந்தைக்கு ஸ்கூல் வேன் வந்துவிட்டது, நீயே இறக்கிவிடு. வீட்டில் இருப்பவர் 'ஃப்ரீ'யாக இருப்பவர் என்ற கணக்கு.

இது பெண் டெவலப்பர்களுக்குப் பல மடங்கு. மத்திய அரசின் 2024-ம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் ஒரு நாளில் அதற்குச் செலவிடுவது சராசரியாக 289 நிமிடங்கள். ஆண்கள் 88 நிமிடங்கள். வீட்டுக்குள் ஆபீஸ் வந்தபோது இந்த 289 நிமிடம் எங்கேயும் போகவில்லை. குக்கர் விசிலுக்கும் கோடு ரிவ்யூவுக்கும் நடுவில் நசுங்கி நிற்கிறது. கணவன் மனைவி இருவரும் வீட்டிலிருந்து வேலை பார்க்கும் 2 பி.ஹெச்.கே-வில் கதவு இருக்கிற அறை யாருக்கு, டைனிங் டேபிள் யாருக்கு என்று பாருங்கள். பெரும்பாலும் விடை தெரிந்ததே. உங்கள் வீட்டிலும் அப்படித்தான் என்றால், வாரம் மாற்றி வாரம் அறையை மாற்றிக்கொள்வதற்குக் கம்பெனி பாலிசி எதுவும் தேவையில்லை.

வீட்டில் தனி அறையே இல்லாதவர்களுக்கு நடுவழி ஒன்று மெல்ல உருவாகிறது. ஜோஹோ 2011-லேயே தென்காசிப் பக்கம் அலுவலகம் திறந்தது. தமிழக அரசின் மினி டைடல் பூங்காக்கள் 2024-ல் விழுப்புரம், தஞ்சாவூர், சேலம், தூத்துக்குடியில் திறக்கப்பட்டன. ஆபீஸ் ஊருக்குப் பக்கத்தில் வந்தால், பி.ஜி-யும் வேண்டாம், பெட்ரூமை ஆபீஸாக்கவும் வேண்டாம். வீடா, சென்னையா என்ற இரண்டு வாய்ப்புகளுக்கு நடுவே இது மூன்றாவது வாய்ப்பு. உங்கள் ஊர்ப் பூங்காவில் என்னென்ன நிறுவனங்கள் வந்திருக்கின்றன என்று ஒரு கண் வைத்திருங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

நேரடியாகச் சொன்னால், செலவைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. சேவைத் துறைக்கான மாதிரி நிலையாணை வரைவை மத்திய அரசு 2020 டிசம்பர் 31-ல் வெளியிட்டபோது, ஒப்பந்தப்படி வீட்டிலிருந்து வேலை பார்க்க அனுமதிக்கலாம் என்ற வரி இருந்தது. கரன்டுக்கும் நெட்டுக்கும் யார் பணம் தருவது என்ற வரி இல்லை. 2025 நவம்பர் 21-ல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்தன. அவையும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை.

வேலை நேரம் முடிந்த பிறகு அழைப்பை எடுக்காமல் இருக்கும் உரிமைக்காக சுப்ரியா சுலே எம்.பி 2025 டிசம்பரில் ஒரு தனிநபர் மசோதாவை மக்களவையில் கொண்டுவந்தார். வரவேற்கலாம். ஆனால் நம் நாடாளுமன்றத்தில் தனிநபர் மசோதா ஒன்று சட்டமானது கடைசியாக 1970-ல்.

வெளியே என்ன நடக்கிறது? போர்ச்சுகலில் 2022 ஜனவரி முதல், வீட்டிலிருந்து வேலை பார்ப்பதால் கூடும் கரன்ட், இன்டர்நெட் செலவை முதலாளி ஈடுகட்ட வேண்டும். வேலை நேரத்துக்குப் பிறகு ஊழியரைத் தொந்தரவு செய்யாமல் இருப்பதும் அவர் கடமை. கலிஃபோர்னியாவின் தொழிலாளர் சட்டம், வேலைக்காக ஊழியர் செய்யும் அவசியச் செலவை நிறுவனம் திருப்பித் தர வேண்டும் என்கிறது. ஒரே அமெரிக்க கம்பெனியின் ஒரே புராஜெக்ட்டில், கலிஃபோர்னியாவில் இருப்பவருக்கு உரிமையாக இருப்பது, கலசப்பாக்கத்தில் இருப்பவருக்கு ஹெச்.ஆர் மனது வைத்தால் கிடைக்கும் சலுகையாக இருக்கிறது.

வருமான வரியிலும் கதவு மூடித்தான் இருக்கிறது. மாதச் சம்பளக்காரர் வீட்டு ஆபீஸ் செலவைத் தனியாகக் காட்டிக் கழிக்க வழியில்லை. எல்லோருக்கும் பொதுவான நிலையான கழிவோடு சரி. ஃப்ரீலான்ஸர்களுக்கு வாய்ப்பு உண்டு. தொழிலுக்காக வாங்கிய கம்ப்யூட்டருக்குத் தேய்மானம், நெட், கரன்ட்டில் தொழில் பங்கு ஆகியவற்றைக் கணக்கில் காட்டலாம். பில்களைத் தூக்கிப் போடாமல் ஆடிட்டரிடம் கொடுங்கள்.

அப்போ என்னதான் செய்வது?

சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கேட்டால் கிடைக்கக்கூடியவை சில உண்டு. 2020-ல் கூகுள் தன் ஊழியர்களுக்கு வீட்டு ஆபீஸ் அமைக்க 1,000 டாலர் வரை கொடுத்தது. எல்லா கம்பெனியும் கூகுள் இல்லைதான். ஆனால் கேட்காதவர்களுக்கு எந்த கம்பெனியும் கொடுத்ததில்லை.

1. முதலில் எழுதுங்கள்: இரண்டு மாதத்துக்கு நெட், கரன்ட், பயணம், வாடகை என்று போனிலேயே குறித்து வையுங்கள். வீட்டில் வேலை பார்த்த நாள்களால் வகுங்கள். உங்கள் ஒரு நாள் செலவு எவ்வளவு என்று தெரியாமல் பேச்சுவார்த்தையே கிடையாது.

2. ஆஃபர் லெட்டர் வரும்போதே கேளுங்கள்: வாரம் எத்தனை நாள் ஆபீஸ், அது மாறினால் எத்தனை நாள் முன்னறிவிப்பு, நெட் பில் திருப்பித் தரப்படுமா, ஏ.ஐ டூலுக்கு லைசென்ஸ் உண்டா, கரன்ட் இல்லாத நாள் லீவில் போகுமா. ஐந்து கேள்வி, ஒரே இ-மெயில். சேர்ந்த பிறகு கேட்பதைவிட இது சுலபம்.

3. பணத்துக்குப் பதில் பொருளாகக் கேளுங்கள்: சம்பளத்தை ஏற்ற மறுக்கும் கம்பெனி, ஸ்டோர் ரூமில் தூசி படிந்து கிடக்கும் மானிட்டரையும் சேரையும் வீட்டுக்கு எடுத்துப்போகச் சம்மதிக்கலாம். ஆபீஸ் வேலைக்காக கம்பெனி தரும் லேப்டாப்புக்கு உங்களுக்கு வரியும் கிடையாது.

4. டீமாகக் கேளுங்கள்: ஒருவர் கேட்டால் 'குறை சொல்கிறவர்'. பத்துப் பேர் ஒரே எக்ஸெல் ஷீட்டை நீட்டினால், ஹெச்.ஆர் அதை 'ஃபீட்பேக்' என்பார்.

5. வாங்கும் வரிசை மாறக் கூடாது: சேர், ரவுட்டர் பேக்கப், வெளி கீபோர்டு, மானிட்டர், பிறகு இன்வெர்ட்டர். ஆர்.ஜி.பி லைட் கடைசி.

6. மூடும் நேரம் வையுங்கள்: வேலை முடிந்ததும் லேப்டாப்பை பையில் போட்டு ஜிப்பை இழுத்துவிடுங்கள். மேஜையில் திறந்தே இருந்தால் கை தானாகப் போகும்.

அடுத்த அப்ரைசலுக்கு இன்னும் எத்தனை மாதம் இருக்கிறது? அதற்குள் முதல் வேலையை முடித்துவிடுங்கள். அந்த அறைக்குள் போகும்போது 'எனக்குக் கஷ்டமா இருக்கு சார்' என்ற வாக்கியத்தை வெளியே வைத்துவிட்டு, 'ஒரு நாளைக்கு எனக்கு இவ்வளவு ரூபாய் ஆகுது சார்' என்ற எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு போங்கள். கோடு எழுதுகிறவர்கள்தானே நாம், கணக்கு கைகொடுக்காதா என்ன?